சங்கிலி யார் கையில்?

"எங்க டாமி ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க!" நாயை அவிழ்த்துவிட்டு இப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2024 மார்ச்சில் பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இன நாய்களைத் தடை செய்யும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நாய் வளர்ப்போர் முதலானவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மே மாதமே, சென்னைப் பூங்கா ஒன்றில் சங்கிலியில்லாமல் வந்த இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. உரிமையாளர் கைதானார்.

இனத்தைத் தடுத்தால் போதுமா? பட்டியலில் இல்லாத நாய் கடிக்காதா, என்ன? சங்கிலி, வாய்மூடி, தடுப்பூசி, உரிமம் எல்லாமே வளர்ப்பவர் கையில்தானே இருக்கின்றன! அதைக் கேட்க நாம் கூச்சப்படக் கூடாது.

தாய்மார்களே, குழந்தையை நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சொந்தக்காரரிடம் நியாயம் கேட்பது அதற்கப்புறம். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்!