'சி.டி ஸ்கேன் நார்மல்' என்றால் பக்கவாதம் இல்லையா? மூளைப் படங்கள் சொல்வது என்ன?

காலையில் எழுந்த அப்பாவுக்கு வாய் கோணியிருக்கிறது. வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். சி.டி ஸ்கேன் எடுத்துவிட்டு, "ரத்தக்கசிவு இல்லை, ஸ்கேன் நார்மல்" என்கிறார்கள். 'அப்பாடா, ஒண்ணும் இல்ல' என்று வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்தில் இருந்தும் பலர் சிகிச்சைக்குப் போகும் இடம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம். 'சித்ரா வால்வு' உருவான அதே இடம்தான். அதன் மருத்துவர்களும் பங்கேற்ற திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு பற்றிய ஆய்வு 2009-ல் வெளியானது. நகரமும் கிராமமுமாக சுமார் 7.4 லட்சம் மக்களில், ஆறே மாதங்களில் 541 பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம்.

சி.டி ஏன் 'நார்மல்' என்கிறது?

பக்கவாதம் இரண்டு வகை. ஒன்று ரத்தக்குழாய் வெடிப்பது, மற்றொன்று அடைபடுவது. பெரும்பாலானவை அடைப்புதான். கசிந்த ரத்தம் சி.டி-யில் உடனே வெள்ளையாகத் தெரியும். ஆனால் அடைப்பால் சாகும் திசு தெளிவாகத் தெரிய பல மணி நேரம் ஆகலாம். எனவே முதல் சில மணி நேரத்தில் 'நார்மல்' என்றால் 'ரத்தக்கசிவு இல்லை' என்று மட்டுமே பொருள். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதே அதன் பிறகுதான்.

செத்த திசு, வாடும் திசு

வாய்க்கால் அடைபட்டால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் கருகாது. சில வயல்கள் பக்கத்து வாய்க்காலின் கசிவில் வாடியபடி உயிரோடு நிற்கும். மூளையும் அப்படித்தான். நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி வேலை செய்யாது, ஆனால் உயிர் இருக்கும். அடைப்பு நீங்கினால் மீளும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட எம்.ஆர்.ஐ உதவுகிறது. ரத்தம் கிடைக்காத செல்லுக்குள் நீர் புகுந்து வீங்கி, அதன் அசைவு குறையும். டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் சில நிமிடங்களிலேயே பளிச்சென்று தெரியும். பெர்ஃப்யூஷன் படம், ரத்தம் எங்கே தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், தோராயமாக, இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி.

தூக்கத்தில் வந்தால்?

முன்பெல்லாம், எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் கரைக்கும் ஊசி கிடைக்காது. 2018-ல் வெளியான 'வேக்-அப்' ஆய்வு, எம்.ஆர்.ஐ படங்களை ஒப்பிட்டே அப்படிப்பட்ட சிலருக்கு ஊசி போடலாம் என்று காட்டியது. அதே ஆண்டு வெளியான 'டான்' ஆய்வு, பெரிய குழாய் அடைபட்டவர்களில் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியைக் குழாய் வழியாக எடுப்பது பலன் தரும் என்றது.

'அப்போ மெதுவா போகலாமா?' கூடாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்கிறது 2006-ல் வெளியான ஒரு கணக்கு.

கை திரும்ப வருமா?

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையையும் எம்.ஆர்.ஐ-யில் வரைந்து பார்க்கலாம். அது பெரிதும் சிதையாமல் இருந்தால் கை அசைவு திரும்பும் வாய்ப்பு அதிகம். கையை அசைக்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ-யில், ஆரம்பத்தில் எதிர்ப்பக்க மூளையும் சேர்ந்து உழைப்பது தெரியும். நன்றாகத் தேறுபவர்களில், வேலை மெல்ல மெல்லப் பாதித்த பக்கத்துக்கே திரும்புகிறது. ஆனால் படம் ஜோசியம் இல்லை. பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

- முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்: ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.
- கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
- ரத்தக்கசிவா, அடைப்பா என்று தெரியும் முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.
- 'ஸ்கேன் நார்மல்' என்றால் கிளம்பாதீர்கள். "அடைப்பு இருக்கான்னு எப்படிப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள்.