காசநோய் உள்ள வீட்டில் உணவுப் பை யாருக்கு?



நம் அறக்கட்டளையில் மாதாமாதம் அரிசி, பருப்பு வாங்கும் வீடுகள் சிலவற்றில் காசநோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை. "சளிதான் பாய், மருந்து சாப்பிடுறார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு வரன் வராது என்ற பயம்தான் காரணம். பாலக்கரையைச் சேர்ந்த ஒரு தாய் மட்டும் நேராகவே கேட்டார்: "முட்டை, பால் எல்லாம் அவருக்கே கொடுத்துடறேன் பாய். பிள்ளைகளுக்கு இல்லாமப் போயிடுது. இது சரிதானா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் கொடுப்பார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை அங்கே அனுப்பினார்கள். மறுபாதியை நெருக்கடியான சொந்த வீட்டிலேயே வைத்து, அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வெளிவந்த முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறை உலகெங்கும் பரவ அது பெரிய காரணம். "மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை" என்ற பேச்சும் அதிலிருந்து வந்ததுதான்.

2023 ஆகஸ்டில் வேறொரு ஆய்வு லான்செட் இதழில் வந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோரின் குழு ஜார்க்கண்டில் நடத்தியது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை தரப்பட்டது. வித்தியாசம் அவர்களுடைய குடும்பத்தாரிடம்தான். ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தில் உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள்; சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. மற்ற வீடுகளில் குடும்பத்தாருக்கு எதுவும் கூடுதலாக இல்லை.

கூடுதல் உணவு பெறாத 4,724 பேரில் 122 பேருக்குப் பின்னர் காசநோய் வந்தது. உணவு பெற்ற 5,621 பேரில் 94 பேருக்கு வந்தது. காலக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் குறைவு. இதில் ஊசியோ புது மருந்தோ இல்லை. நாம் ரமலானில் பொட்டலம் கட்டும் அதே அரிசியும் பருப்பும்தான்.

அப்படியென்றால் பழைய ஆய்வு தவறா? இல்லை. அது கேட்டது, நோயாளி குணமாவாரா என்று. இது கேட்டது, கூட இருப்பவருக்கு நோய் வருமா என்று. காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும். உடம்பு மெலிந்து எதிர்ப்பு சக்தி குறைந்தால் தலைதூக்கும். நோயாளிக்கும் சாப்பாடு வீண் அல்ல: ஜார்க்கண்டில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களில் இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. ஆனால் சாப்பாட்டை நம்பி மாத்திரையை நிறுத்தினால் நோய் முற்றும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறும்.

ஆக, அந்தத் தாய்க்குப் பதில்: அவருக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், பிள்ளைகள் பங்கும் குறையக் கூடாது. வீட்டில் எல்லாரும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளவும் வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்கு மத்திய அரசின் உணவு உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், வங்கிக் கணக்கில் வரும். பலர் பெயரைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து, இன்ஷா அல்லாஹ், இத்தகைய வீடுகளுக்கு ஒரு பை என்று இல்லாமல் தலைக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். பதிவேட்டில் நோயின் பெயர் எழுத மாட்டோம். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். பெண்கள் என் வீட்டாரிடம் சொல்லலாம்.