அறிக்கை ‘இயல்பு’, அக்கா நலமில்லை

ஈராண்டுகளுக்கு முன் என் பெரியம்மா மகளுக்கு ஒரு கண் மங்கியது, கால் மரத்துப்போனது. ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இயல்பாகவே இருந்தது. “களைப்புதான் அக்கா” என்றேன். சில மாதங்கள் கழித்து எடுத்த எம்ஆர்ஐ படத்தில்தான் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்று தெரிந்தது.

உயிர்மருத்துவம் படிக்கத் தொடங்கிய பிறகே காரணம் புரிந்தது. இந்நோயில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையைத் தாக்குகிறது. சிஆர்பி, கல்லீரல் சுரக்கும் புரதம். கிருமித்தொற்றின்போது பல மடங்கு உயரும் அது, மூளைக்குள் நடக்கும் இந்த அழற்சிக்குப் பெரும்பாலும் அசைவதில்லை.

ஆய்வாளர்கள் இப்போது கவனிப்பது ‘நியூரோஃபிலமென்ட் லைட்’ என்ற புரதத்தை. நரம்பிழை சிதையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அமெரிக்க ராணுவத்தினரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அறிகுறி தோன்றுவதற்குச் சுமார் 6 ஆண்டுகளுக்கு முன் எடுத்த ரத்தத்திலேயே அது கூடுதலாக இருந்தது. ஆனால் வேறு நரம்பு நோய்களாலும் வயதாலும்கூட அது கூடும். அதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

அன்று நான் சொன்ன ‘களைப்புதான்’ இன்னும் உறுத்துகிறது. உங்கள் நண்பர் கண் மங்குகிறது, கால் மரக்கிறது என்றால், ஓர் அறிக்கையைக் காட்டி வாயடைக்காதீர்கள். மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.