மகனின் முகம் காணச் சென்றவர்கள்

கிளிநொச்சி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் வாழும் முதிய தம்பதியர், ஜேர்மனியில் வாழும் தம் மகனிடம் இரண்டு மாதங்கள் தங்கித் திரும்பியிருந்தனர். 22 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய சந்திப்பு அது. 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரில் அனைத்தையும் இழந்த அவர்களுக்கு மீண்டும் ஒரு வீடு எழுந்ததும் அம்மகனின் உழைப்பினாலேயே.

“என்னவெல்லாம் பார்த்தீர்கள்?” என்று வினவினேன்.

கொலோன் நகரப் பேராலயத்தின் 157 மீற்றர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்களையும், மூவரசர்களின் திருப்பண்டங்களைக் கொண்டதென மரபு போற்றும் பொற்பேழையையும் மகன் காட்டினானாம். றைன் நதியில் படகேற்றிச் சென்றானாம்.

“எல்லாம் வடிவுதான் சுவாமி. ஆனால், தான் வேலை செய்யிற இடத்தை மட்டும் அவன் காட்டவேயில்லை” என்றார் தந்தை.

உணவகமொன்றில் தான் மேலாளர் என்றே மகன் தொலைபேசியில் சொல்லி வந்தான். புறப்படுவதற்கு இரு நாட்களுக்கு முன் தந்தை பிடிவாதமாய்க் கேட்கவே, உணவகத்தின் பின்வாசலால் அவர்களை அழைத்துச் சென்றான். அங்கே நீராவியும், மலைபோல் குவிந்த கோப்பைகளும், அவற்றைக் கழுவும் தொட்டியும் இருந்தன. மகன் தலைகுனிந்து நின்றான்.

வெந்நீரில் வெளிறிய அவனுடைய கைகளைத் தந்தை பற்றிக்கொண்டார். “நான் வயற்சேற்றில் நின்று உன்னை வளர்த்தேன். நீ இந்தத் தண்ணீரில் நின்று எங்களைக் காப்பாற்றினாய். இதில் என்ன வெட்கம்?” என்று சொல்லி, அவன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார்.

இதைச் சொல்லும்போது அருகிலிருந்த தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். “அண்டைக்குத்தான் சுவாமி, நாங்கள் எங்கட பிள்ளையைப் பார்த்தது” என்றார்.

அன்புக்குரியவர்களே, தொடக்க நூலில் வரும் யோசேப்பும் அந்நிய நாட்டில் வாழ்ந்த மகனே. எகிப்தில் தமக்குள்ள மாண்பை எல்லாம் தந்தையிடம் எடுத்துரைக்குமாறு அவர் தம் சகோதரர்களிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் கோசேன் நாட்டில் மகன் கட்டித் தழுவி அழுதபோது யாக்கோபு, அவருடைய தேரையோ பதவியையோ பற்றிப் பேசவில்லை. மகன் உயிரோடிருக்கிறான், அவன் முகத்தைக் கண்டுவிட்டேன், இனி நான் இறந்தாலும் சரியே என்றார். பின்னர் பார்வோன்முன் நிறுத்தப்பட்டபோது, பஞ்சத்தால் வந்த அந்த முதிய ஆயர், தம் மகனுக்கு வாழ்வளித்த நாட்டின் மன்னனுக்கு ஆசி வழங்கினார்.

நம் தாயும் அவ்வாறே செய்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஜேர்மனிவாழ் தமிழர்கள் திரளாகத் திருயாத்திரை செல்லும் கெவலார் திருத்தலத்துக்கும் மகன் அவர்களை அழைத்துச் சென்றிருந்தான். அங்கே வணங்கப்படுவது, துன்புறுவோரின் ஆறுதலாகிய அன்னையின் மிகச் சிறிய படமொன்றே. ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய விசுவாசிகளோடு இடம்பெயர்ந்து மடுவுக்கு வந்தவர் நம் அன்னை. 2008இல் அவருடைய திருச்சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டியில் தங்க நேர்ந்தது. அகதியின் வேதனை அறிந்த அந்த அன்னையின் முன் மெழுகுதிரி ஏற்றிய தாய், தன் பிள்ளைக்குச் சோறும் இடமும் கொடுத்த அந்நாட்டு மக்களுக்காகவே முதலில் மன்றாடினாராம்.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளே, பெற்றோர் வரும்போது கோபுரங்களைக் காட்டுங்கள், நல்லதுதான். ஆனால் நீங்கள் அதிகாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் தரிப்பிடத்தையும், உழைக்கும் இடத்தையும், தனிமையில் மன்றாடும் ஆலயத்தையும் மறைக்காதீர்கள். பெற்றோரே, அயலவரின் மகனோடு உங்கள் மகனை ஒப்பிடாதீர்கள். அவன் கைகளைப் பற்றிப் பாருங்கள். அவன் நெற்றியில் சிலுவை வரையுங்கள். இத்தனை ஆண்டுகளாய் அவன் காத்திருந்தது அந்த ஆசிக்காகவே.