கவுட் வலிக்கு மாத்திரை: அவசரத்தில் விழுங்காதீர்கள்!

கவுட் வலி வந்தவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மாலை வரை நன்றாக நடந்து திரிந்தவருக்கு நடுச்சாமத்தில் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து நெருப்பாய் எரியும். போர்வை பட்டாலே உயிர் போகும். விடிந்தால் பெரட்டு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சே என்ற கவலை வேறு. அதனால் அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தது, கடைக்காரர் கொடுத்தது, போன வருடம் மிச்சமானது என்று கையில் கிடைத்த மாத்திரையை எல்லாம் முழுங்கிவிட்டு, நொண்டிக்கொண்டே வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வலி குறைவது உண்மைதான். ஆனால் அந்த மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஆகவே தோழர்களே, இந்த மாத்திரையை யார் போடலாம், எப்படிப் போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுட் எப்படி வருகிறது?

நம் இரத்தத்தில் யூரிக் அமிலம் என்ற ஒரு கழிவு இருக்கிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். சரியாக வெளியேறாவிட்டால் அது இரத்தத்தில் சேரும். அளவு ஏறக்குறைய 400 மைக்ரோமோலைத் தாண்டினால், சர்க்கரைப் பாகு ஆறியதும் கற்கண்டு கட்டுவதுபோல், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். உடம்பு அந்த ஊசிகளைப் பகையாளி என்று எண்ணித் தாக்கும். அந்தச் சண்டைதான் வீக்கமும் சூடும் வலியும். பெரும்பாலும் பெருவிரல் அடியில் தொடங்கும். கணுக்கால், முட்டி, கை மணிக்கட்டிலும் வரும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதனால்தான் பலர் சீக்கு தீர்ந்துவிட்டது என்று ஏமாந்து போகிறார்கள்.

வீக்க மாத்திரை செய்யும் வேலை

வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரைகளை இங்கே வீக்க மாத்திரை என்று சொல்வோம். டைக்ளோஃபினாக், நாப்ரோக்ஸன், இண்டோமெத்தசின், ஐபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடைப்பெயரில் சொன்னால் வோல்ட்டரன், சின்ஃப்ளெக்ஸ், போன்ஸ்டான், ஆர்க்கோக்சியா. நிறம் வேறு, பெட்டி வேறு, குடும்பம் ஒன்று.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து அறிஞர் கண்டுபிடித்தார். 1982-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். வீக்கத்தை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பில் சுரக்க விடாமல் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலைப் புளிப்பிலிருந்து காப்பாற்றுகிறது. அதே பொருள்தான் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மூட்டில் மட்டும் தடுத்து மற்ற இடத்தில் விட்டுவிடு என்று மாத்திரைக்கு நாம் உத்தரவு போட முடியாது.

"மாத்திரைதானே வயிற்றைப் புண்ணாக்கும், ஊசி போட்டுவிடுங்க ஐயா" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசியும் இரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது. ஊசி போட்டாலும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அதே ஆபத்துதான்.

யார் தொடக்கூடாது?

கீழே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வீக்க மாத்திரை போடவே கூடாது:

1. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்.
2. வயிற்றுப் புண் இருந்தவர்கள், இரத்த வாந்தி எடுத்தவர்கள்.
3. மாரடைப்பு, இருதய பலவீனம், பக்கவாதம் வந்தவர்கள்.
4. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள்.
5. இந்த மாத்திரை போட்டு இழுப்பு வந்தவர்கள், முகம் வீங்கியவர்கள்.
6. 65 வயதைத் தாண்டியவர்கள்.
7. பிள்ளைத்தாச்சிப் பெண்கள். கவுட் அவர்களுக்கு வருவது அபூர்வம். ஆனால் புருஷன் மாத்திரையை இடுப்பு வலிக்குப் போட்டுக்கொள்வது அபூர்வமில்லை.

இன்னொரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில் நம் நாட்டுப் பெரியவர்களில் 100 பேருக்கு 18 பேர் இனிப்பு நீர் உள்ளவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கின்றன. சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. பெரும்பகுதி கெட்ட பிறகுதான் தெரியும். இரத்தக் கொதிப்புக்கு பெரிண்டோபிரில், எனலாப்பிரில் போன்ற மாத்திரையும், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் அதன்மேல் வீக்க மாத்திரையையும் போட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று நிறுத்திவிடக்கூடும். வெயிலில் குலை வெட்டி, வேர்த்து ஊற்றி, தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். சிறுநீரகம் போனால் வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்க வேண்டும். அப்புறம் வேலைக்காடு ஏது?

ஆகவே கிளினிக்குக்கு வரும்போது நீங்கள் சாப்பிடும் மருந்து அத்தனையையும் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள்.

போடத் தகுந்தவர் எப்படிப் போடுவது?

சீக்கிரம் தொடங்குங்கள். வலி கண்ட 24 மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போனால் சீக்கிரம் அடங்கும். 3 நாள் பொறுத்துப் பார்த்து வந்தால் மருந்தும் தாமதமாகத்தான் கேட்கும்.

சொன்ன அளவைப் போடுங்கள். பெரியவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதும் அளவு, நாப்ரோக்ஸன் 500 மில்லிகிராம் நாளைக்கு 2 வேளை, அல்லது டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம் நாளைக்கு 3 வேளை. "ஒன்றுக்கு ரெண்டாப் போட்டா ஒரே நாளில் சரியாகிடுமே?" என்றால் ஆகாது. ஓர் அளவுக்கு மேல் வலி குறையாது, கெடுதல்தான் கூடும்.

ஒரே ஒரு வகையை மட்டும் போடுங்கள். காலையில் போன்ஸ்டான், மத்தியானம் வோல்ட்டரன் என்பது கூடவே கூடாது. வலி இன்னும் பொறுக்க முடியவில்லை என்றால் பனடால் சேர்க்கலாம், அது வேறு குடும்பம். 500 மில்லிகிராம் மாத்திரை நாள் ஒன்றுக்கு 8-க்கு மேல் போகக்கூடாது. குடிப்பவருக்கும் ஈரல் கோளாறு உள்ளவருக்கும் அதுவும் அதிகம்.

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டு, நிறையத் தண்ணீரோடு முழுங்குங்கள். கேஸ்ட்ரிக் உள்ளவருக்கு டாக்டர் ஒமெப்ரசோல் போன்ற காப்பு மருந்து சேர்த்துக் கொடுப்பார். அதை விட்டுவிடாதீர்கள். கள், பீர், சம்சு எதுவும் தொடக்கூடாது. அவை வயிற்றையும் புண்ணாக்கும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும்.

நிறுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வலி போய் ஒன்றிரண்டு நாளில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், காப்பித்தூள் போல வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்தால், கால் முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒத்துக்கொள்ளாதவருக்கு என்ன வழி?

வழி உண்டு. கொல்ச்சிசின் என்ற மாத்திரை இருக்கிறது. முன்பு வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்றாகக் கொடுத்த காலம் உண்டு. முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து அரை மில்லிகிராம் என்ற சிறிய அளவே போதும் என்பது இன்றைய வைத்தியம். சிறுநீரகம் கெட்டவருக்கு அதையும் குறைக்க வேண்டியிருக்கும். நம் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் இந்தக் கொல்ச்சிசின்தான் இருக்கிறது. அதற்காக யாரும் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அது உயிரைக் கொல்லும் விஷம். மற்றொரு வழி பிரெட்னிசோலோன் மாத்திரை சில நாட்களுக்கு. அது இனிப்பு நீரை ஏற்றும் என்பதால் டாக்டர் பார்வையில்தான் எடுக்க வேண்டும்.

கவுட்தானா என்று பாருங்கள்

செம்பனை முள் குத்திய காலோ கையோ சில நாளில் வீங்கி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அதைக் கவுட் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். வீக்க மாத்திரை காய்ச்சலையும் வலியையும் மூடி மறைத்துவிடும், உள்ளே மூட்டு அழிந்துகொண்டிருக்கும். இனிப்பு நீர் உள்ளவர் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மஜூன், ஜாமு என்று பசார் மாலாமில் "மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து" விற்பார்கள். இரண்டு உருண்டையில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் இரகசியமாகக் கலந்த இப்படிப்பட்ட சரக்குகளை நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

ஓய்வு உங்கள் உரிமை

வீங்கிய காலை உயரத் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம் வைத்து, ஒன்றிரண்டு நாள் ஓய்வு எடுப்பதும் வைத்தியம்தான். நாளைக்கே வேலைக்குப் போக வேண்டும் என்ற பயத்தில்தான் பலர் இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டரிடம் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மறுத்தால் தொழிற்சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

வேரை வெட்டும் மருந்து வேறு

கடைசியாக ஒன்று. வீக்க மாத்திரை யூரிக் அமிலத்தை ஒரு துளிகூடக் குறைக்காது. வருடத்துக்கு 2 தடவையோ அதற்கு மேலோ கவுட் வந்தால், அல்லது மூட்டில் கட்டி கட்டியாகத் தெரிந்தால், அல்லோபியூரினால் போன்ற மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரத்தத்தில் அளவை 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைத்திருப்பதுதான் குறி. அதைச் சிறிய அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றி, வலி இல்லாத நாளிலும் தினமும் சாப்பிட வேண்டும். வலி வந்தது என்று இடையில் நிறுத்தக்கூடாது. ஆனால் உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். பருப்பு, பயறு, கீரை மேல் பழியைப் போட்டு அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஈரல், நெத்திலி, சாராயம், இனிப்புத் தண்ணீர் இவற்றைக் குறைத்தால் போதும்.

வீட்டில் கட்டியிருக்கும் மருந்துப் பையை இன்றைக்கே அவிழ்த்துப் பாருங்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரியாத மாத்திரை ஏதாவது இருந்தால், அதை எடுத்துக்கொண்டு நேரே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். கேட்பதற்குக் காசில்லை.