"நீங்க கடைப் புள்ளதானே?"



"எதிர்பாராத சந்திப்பு" என்ற தலைப்பில் நாம் எல்லோருமே கட்டுரை எழுதியிருப்போம். ஆறாம் தரத்தில் நான் எழுதியது முழுவதும் கற்பனை. இந்தத் தடவை கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பர் விடுமுறையில், கொழும்பிலிருந்து வரும் மாமாவை அழைத்து வர உம்மம்மாவும் நானும் நானுஓயா புகையிரத நிலையத்துக்குப் போனோம். கோச்சி தாமதம். மேடையெங்கும் எல்லவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள். வாங்கில் இருந்த உம்மம்மாவை, சால்வை போர்த்திய ஒரு அம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்:

"நீங்க கடைப் புள்ளதானே?"

முழங்கால் வலியால் கைகொடுக்காமல் எழும்பாத என் உம்மம்மா, தானாகவே எழுந்து நின்றார்.

"புருவத்துத் தழும்ப வச்சித்தான் கண்டுபுடிச்சேன். நான் தள்ளிவிட்டு விழுந்ததுதானே அது!"

அந்தத் தழும்பு கால் வழுக்கி விழுந்ததால் வந்தது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். தோழியைக் காட்டிக்கொடுக்காமல் உம்மம்மா ஐம்பது வருடங்களுக்கு மேலாக மறைத்து வைத்திருந்த இரகசியம் அன்றுதான் வெளியே வந்தது. இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். "நீங்க" என்பது ஒரு நிமிடத்தில் "நீ" ஆகிவிட்டது.

உம்மம்மாவின் வாப்பா தோட்டத்துக்குப் பக்கத்தில் சிறிய கடை வைத்திருந்தார். அதனால் லயத்துப் பிள்ளைகளுக்கு உம்மம்மா "கடைப் புள்ள". இருவரும் தோட்டப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1974 இல் தோழியின் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு முகவரியும் மாறிப்போனது.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதை நம்மில் பலர் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகவே படித்திருக்கிறோம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ 975,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரையும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மலைநாட்டு நிலையங்களில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, இராமேஸ்வரத்தில் இறங்குவது அவர்களின் பாதை. ஏறுபவர்களும் வழியனுப்புபவர்களும் அழுத அழுகையால் "ஒப்பாரிக் கோச்சி" என்றே அதற்குப் பெயர் வந்தது. போனவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். இந்தத் தோழியும் அப்படித்தான். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வந்தவர், அன்று திரும்பிப் போவதற்காகக் கோச்சிக்குக் காத்திருந்தார்.

பேச்சின் நடுவே அவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க வாப்பாவோட கடன் கொப்பியில எங்கப்பா கணக்கு பாக்கி இருந்துச்சி. சாகுற வரைக்கும் அத சொல்லிக்கிட்டே இருந்தாரு."

1973, 74 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியெடுத்தது. அந்தக் காலத்துக் கடன் அது.

"நீங்க கோச்சி ஏறின அண்டைக்கே வாப்பா அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டார்" என்றார் உம்மம்மா. "இத உங்கப்பாகிட்ட சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கல்ல."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பழைய அறிமுகமானவரைத் தற்செயலாகக் காண்பதில் ஏன் இவ்வளவு மகிழ்ச்சி? அன்றிலிருந்து யோசிக்கிறேன். வயதானவர்களுக்குச் சுமார் 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே அதிகமாகவும் தெளிவாகவும் மேலெழும் என்று உளவியலாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆனால், அந்த நினைவுகளில் பங்குள்ளவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோகிறார்கள். எங்களுக்கு அவர் உம்மம்மா, அயலவருக்கு ஹஜ்ஜும்மா. "கடைப் புள்ள" என்று கூப்பிட ஊரில் இன்று எவருமில்லை. அந்தச் சிறுமி இருந்தாள் என்பதற்கு எஞ்சியிருந்த சாட்சி, கடலுக்கு அப்பால் இருந்தது. சாட்சி எதிரே வந்து நிற்கும்போது, நம் வாழ்வின் தொலைந்த ஒரு பகுதியும் கூடவே வந்து நிற்கிறது. தேடிப் போகும் சந்திப்புக்கு மனம் முன்கூட்டியே ஆயத்தமாகிவிடும். தற்செயலான சந்திப்புக்கு ஆயத்தமே இல்லை. அதனால்தான் அங்கே சிரிப்பும் அழுகையும் அப்படியே வந்துவிடுகின்றன.

திருவள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், பழகிய உறவின் உரிமைக்கென்றே "பழைமை" என்று தனி அதிகாரம் வைத்தார். நபி (ஸல்) அவர்களும், கதீஜா (ரழி) அவர்கள் மறைந்த பின்னர் ஆடு அறுக்கும்போதெல்லாம் அவரின் தோழியருக்கு இறைச்சி அனுப்பி வைத்தார்கள். பழைய உறவைப் பேணுவது எவ்வளவு பெரிய பண்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த அம்மாவின் கோச்சிதான் முதலில் வந்தது. ஜன்னலோரத்தில் நின்று இருவருடைய இலக்கங்களையும் நான்தான் பதிந்து கொடுத்தேன். அவருடைய தொலைபேசியில் என்ன பெயர் போடுவது என்று கேட்டதற்கு, "கடைப் புள்ளன்னே போடும்மா" என்றார். கோச்சி வளைவில் மறையும் வரை உம்மம்மா கையசைத்தார். 1974 இல் வழியனுப்ப நிலையத்துக்குப் போக அவரை வீட்டில் விடவில்லையாம். அந்தக் கையசைப்பு அன்றைக்கு உரியது என்று எனக்குத் தோன்றியது.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நாமும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவோம். கையில் தொலைபேசி இருப்பதால் யாரும் தொலைந்துபோக மாட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால், இலக்கம் இருந்தும் பேசாமலே வருடங்கள் போய்விடலாம். ஆகவே, கோபத்தோடு எவரையும் பிரியாதிருப்போம். பெற்றோரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: "சின்ன வயதில் உங்களை எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?" நாங்கள் கேட்காமலே இருந்துவிட்டோம், நானுஓயா மேடையில்தான் தெரிந்துகொண்டோம்.