குளிர் ஊரில் டயர்க் காற்று

தை, மாசி மாதங்களில் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றச் செல்லும் நம்மவர் பலர் ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றனர். மாலையில் இறுக்கமாக இருந்த டயர் விடிந்ததும் தளர்ந்து கிடக்கிறது. தேடிப் பார்த்தால் ஆணியும் இல்லை, துவாரமும் இல்லை. சூடான சமவெளிகளில் வயல் செய்து, இடம்பெயர்ந்து வந்து, இன்று ஒரு பழைய வானை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது புதிய அனுபவம்.

காற்று குளிர்ந்தால் அதன் அமுக்கம் குறையும். வான் டயரில் ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்கு 1 இறாத்தல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கூடிய காற்றுப் பிடிக்கும் லொறி டயரில் குறைவு இன்னும் அதிகம். கண்டியில் பகலில் 28 பாகை என்றால், நுவரெலியாவில் தை மாத விடியற்காலை 10 பாகைக்கும் கீழே போகும். சில நாட்களில் உறைபனியும் விழும். ஆகவே 3 இறாத்தல் போய்விடுகிறது.

ஆனால் மலை ஒன்றைத் திருப்பியும் தருகிறது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். மேலே வெளிக்காற்றின் அமுக்கம் குறைவு. மானி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தையே. அதனால் உயரத்துக்காக 2 இறாத்தல் கூடுகிறது. எனவே குளிரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல.

பெரிய தவறு காற்று அடிக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. ஓடிவந்த டயர் சூடேறி, 4, 5 இறாத்தல் கூடுதலாகக் காட்டும். நண்பகலில் பேராதனையில் நிறுத்தி 35 அடித்தால், ஆறியபின் அங்கு இருப்பது 30 அல்லது 31 தான். அதோடு மலைக்குளிரும் சேர்ந்தால், சுமை ஏற்றும் வேளையில் 5, 6 இறாத்தல் குறைவு. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடாகும். கரட்டும் லீக்சும் நிறைந்த வண்டி றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது முன்டயர் வெடித்தால், ஸ்டியரிங் கையில் நிற்காது. அந்த வண்டியில் பெரும்பாலும் வீட்டாரும் இருப்பார்கள்.

ஆகையால் விடியற்காலையில், வண்டி அசையும் முன்னரே அளவுங்கள். கிராமத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு அமுக்கமானி வாங்கினால் போதும். காற்றுக் கடை தூரமாக இருந்தால் ஒரு வழி உண்டு. காலையில் வீட்டிலேயே அளந்து, எத்தனை இறாத்தல் குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 குறைவு என்றால், கடையில் சூடான டயர் 34 காட்டினாலும் 38 ஆக்குங்கள். கடைக்காரர் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அது உங்கள் வண்டிக்கு உரிய அளவல்ல. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஜப்பான் வண்டிகளில் அது கிலோபஸ்கலில் இருக்கும்: 100 கிலோபஸ்கல் என்பது பதினாலரை இறாத்தல், 240 என்றால் ஏறத்தாழ 35. முன்னுக்கும் பின்னுக்கும், வெறும் வண்டிக்கும் சுமை வண்டிக்கும் வெவ்வேறு அளவு போட்டிருந்தால் அப்படியே பின்பற்றுங்கள்.

மலை இறங்கி வந்ததும் டயர் கொதிக்கிறது என்று காற்றைத் திறந்து விடுவோரும் உண்டு. இது கூடவே கூடாது. பிரேக்கின் சூடும் சில்லுக்கு ஏறியிருக்கும். ஆறினால் மானி தானாக இறங்கும். உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தால், தார் வீதியில் பெட்டி இழுக்குமுன் திரும்ப அடிக்க வேண்டும்.

பழுதில்லாத டயரும் மாதத்துக்கு 1 இறாத்தல் அளவில் இழக்கும். வால்வு மூடி தொலைந்திருந்தால் சேறு புகுந்து கசிவு கூடும். எச்சில் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். மேலதிகச் சில்லையும் அதே காலையில் பாருங்கள். பல வண்டிகளில் அதை வெளியே எடுத்து மாதங்கள் ஆகியிருக்கும்.